மண்ணுக்கடியில் கிடப்பதைக் காட்டும் வரைபடம் பொக்லைன் ஆபரேட்டர் கைக்கும் போகட்டும்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

மழைநீர் வடிகாலோ பாதாளச் சாக்கடையோ, தெருவை வெட்ட அனுமதி தருகிறவர்கள் நீங்கள். அந்த மண்ணுக்கடியில் மின்வாரியத்தின் புதைவடம், குடிநீர்க் குழாய், இணையக் கேபிள் எல்லாம் கிடக்கின்றன. இப்போது வீடுகளுக்குச் சமையல் எரிவாயுக் குழாயும் வருகிறது.

தோண்டுகிறவர்கள் அங்கே கேபிளும் குழாயும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் தருவதற்கென்றே தொலைத்தொடர்புத் துறையின் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை 2023 மார்ச் 22 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். முறையில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசே சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கெட்டை மண்ணில் இறக்குகிறவருக்கு அதைப் பற்றி யார் சொன்னார்கள்?

வண்டி மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. சூப்பர்வைசர் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுகிறார், ஆபரேட்டர் தோண்டுகிறார். வரைபடம் இருந்தாலும் ஆழத்தை நம்ப முடியாது. சாலைமேல் சாலை போட்டதில் சில கேபிள்கள் ஆழத்துக்குப் போயிருக்கும், சுரண்டிப் போட்ட இடத்தில் மேலே வந்திருக்கும். அதனால்தான் முதலில் இயந்திரமில்லாமல், கையால் கவனமாகச் சோதனைக் குழி எடுத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை டேப்போ வரிசையாக அடுக்கிய செங்கல்லோ சம்பந்தமில்லாத ஆற்றுமணலோ தென்பட்டால், கீழே கேபிளோ குழாயோ இருக்கலாம்; வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். சோதனைக் குழிக்கு ஒப்பந்தத்தில் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். காசு இல்லாத வேலையை எந்தக் காண்ட்ராக்டரும் செய்யமாட்டார்.

இன்னொன்றை அழுத்திக் கேட்கிறேன். பெல்ஜியத்தின் கிலங்கியான் தொழிற்பேட்டையில் 2004 ஜூலை 30 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். முன்பு நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் பட்டுக் காயமான குழாய் அது. அன்றே வெடிக்கவில்லை, அழுத்தம் கூடியபோது வெடித்தது. நம் ஊரில் குழாயில் பக்கெட்டின் பல் பட்டுவிட்டால், அபராதத்துக்குப் பயந்து மண்ணைத் தள்ளி மூடிவிடத்தான் தோன்றும். உடனே சொல்கிறவரைத் தண்டிக்கமாட்டோம், மறைத்தால்தான் நடவடிக்கை என்று எழுத்தில் கொடுங்கள்.

விழிப்புணர்வுக் கூட்டத்தை ஹோட்டல் அரங்கில் நடத்த வேண்டாம். பொக்லைன் வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டுக்கு மின்வாரிய ஊழியரையும் எரிவாயு நிறுவனத்தின் ஆளையும் காலையில் அழைத்துப் போங்கள். தமிழிலும், வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் பேசட்டும். மின்கேபிள் பட்டால் ஆபரேட்டர் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, மின்சாரம் துண்டிக்கப்படும்வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். எரிவாயு கசிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப்போய்த்தான் போனை எடுக்க வேண்டும். இதைச் செய்துகாட்டி விளக்க அரை மணி நேரம் போதும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து அடுத்த சாலை வெட்டு அனுமதிகள் தொடங்குவதற்குள், முதல் கூட்டம் எந்த ஸ்டாண்டில், எந்தத் தேதியில் என்று அறிவியுங்கள்.