அந்த நாலு கோடி இலக்க எண்ணு பேங்க் சாவி இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல பெரிய பகா எண் பத்தி வந்த செய்திய ரெண்டு தடவ படிச்சேன், கணக்குக்கு இடம் குடுத்ததுக்கே முதல்ல நன்றி. ஆனா 2024 அக்டோபர்ல லூக் டுரான்ட் கண்டுபிடிச்ச அந்த எண்ணு இனிமே நம்ம பேங்க் அக்கவுன்ட்ட பாதுகாக்கும்னு கடைசி வரில போட்டிருந்தீங்க, அது தப்பு சார். நெட்ல தகவல ரகசியமா பூட்டற ஆர்எஸ்ஏ முறைல வழக்கமா எடுக்கற பகா எண்ணுக்கு 300 சொச்சம் இலக்கம்தான், அதுவும் யாருக்கும் தெரியாம இருக்கணும், இதுவோ ஊருக்கே தெரிஞ்ச எண்ணு, தெருவே பாத்த சாவிய வெச்சு எப்படி வீட்ட பூட்டறது?

அதோட அழகு வேற இடத்துல இருக்கு. 13,62,79,841 ரெண்ட வரிசையா பெருக்கி ஒண்ண கழிச்சா அந்த எண்ணு வரும், மொத்தம் 4,10,24,320 இலக்கம், செகண்டுக்கு ஒண்ணுன்னு தூங்காம சொன்னாலும் 470 நாளுக்கு மேல ஆகும்.

நான் பெரம்பூர்ல மொட்டமாடில டியூஷன் எடுக்கறேன். செய்திய படிச்சு காட்டினதும் ஒன்பதாவது படிக்கற பொண்ணு ஒருத்தி, கடைசி இலக்கம் 1 தானே சார்னு கேட்டா. ரெண்ட பெருக்கிட்டே போனா கடைசில 2, 4, 8, 6னு திரும்பத் திரும்ப வரும், 13,62,79,841ல கடைசி ரெண்டு இலக்கம் 41, அத நாலால வகுத்தா மீதி 1, அதனால 2, அதுல ஒண்ணு போனா 1. பேனாவே எடுக்கல சார் அவ! எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ரெண்ட எத்தன தடவ பெருக்கறோமோ அந்த அடுக்கு பகா எண்ணா இருந்தா போதும், ஒண்ண கழிச்சு வர்றதும் பகா எண்ணுதான்னு பசங்க நெனச்சிட்டாங்க, ஆனா 11 போட்டா 2047 வருது, அது 23 பெருக்கல் 89. இந்த மாதிரி எண்ணுகள ஆராய்ஞ்ச பிரெஞ்சு பாதிரியார் மெர்சென்னே, பகா எண் தர்ற அடுக்குன்னு 1644ல போட்ட லிஸ்ட்ல 67-அ தப்பா சேத்துட்டாரு. ரெண்டோட 67-ஆம் அடுக்குல ஒண்ணு போனா வர்ற எண்ணு பகா எண் இல்லன்னு லூகாஸ்ங்கற பிரெஞ்சு கணக்கு நிபுணர் 1876லயே காட்டினாலும், எத எதால பெருக்கினா அது வருதுன்னு கோல்ங்கறவர் 1903லதான் கண்டுபிடிச்சாரு, 193707721-உம் 761838257287-உம்.

வகுக்கற எண்ண தேடாமயே இந்த மாதிரி எண்ணு பகா எண்ணான்னு பாக்க ஒரு வழி இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 31-அ எடுத்துக்கோங்க, அது ரெண்டோட 5-ஆம் அடுக்குல ஒண்ணு கம்மி. 4ல ஆரம்பிச்சு, அதே எண்ணால பெருக்கி ரெண்ட கழிச்சா 14, மறுபடி செஞ்சா 194, அத 31-ஆல வகுத்தா மீதி 8, எட்டெட்டு 64ல ரெண்டு போனா 62, மீதி பூஜ்யம். அஞ்சுக்கு ரெண்டு கம்மியா மூணு சுத்துல பூஜ்யம் வந்துடுச்சு, அதனால 31 பகா எண். டுரான்ட் எண்ண உறுதி பண்ணதும் இதே முறைதான், சுத்து மட்டும் 13 கோடிக்கு மேல.

அந்த பேங்க் வரிய தயவுசெஞ்சு திருத்திடுங்க, மாணவர் பக்கத்துல இந்த 31 கணக்க போட்டு கீழயே 127-அ பசங்களுக்கு விட்டு வெய்யுங்க, அஞ்சு சுத்துல வந்துடும்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் வாத்தியார்,
பெரம்பூர், சென்னை