கொலையாளியைக் கதைக்குள் தேட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சியிலும் ஓடிடி தளங்களிலும் வரும் மர்மத் தொடர்களுக்கு நாளிதழ்களில் எழுதப்படும் விமர்சனங்கள் குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதம். கொலையாளியின் பெயரை விமர்சகர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. ஆனால், “இறுதிப் பகுதியில் இன்னாருடைய நடிப்பு உறைய வைக்கிறது” என்று எழுதிவிட்டால், அதுவரை அமைதியாகக் காய்கறிப் பையுடன் வந்துபோய்க்கொண்டிருந்த சித்தப்பாவின் மேல் வீட்டிலுள்ள அத்தனை பேருடைய கண்ணும் பதிந்துவிடுகிறது. இதற்குப் பெயரையே எழுதிவிடலாம்.

விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் காலை வேளையில் தொடர் பார்ப்பவர்களின் பேச்சைக் கேட்டால், ஊகங்கள் இரு வகைப்படுவது புரியும். பூட்டிய அறையின் மற்றொரு சாவி யாரிடம் இருந்தது, இறந்தவருக்கு வந்த கடைசி அழைப்பைப் பற்றி மருமகன் ஏன் வாய் திறக்கவில்லை என்பன கதைக்குள்ளிருந்து எழுபவை. இவ்வளவு பெயர் பெற்ற நடிகரை இரண்டே காட்சிகளுக்கா அழைத்து வந்திருப்பார்கள், மூன்றாம் பகுதியிலேயே பிடிபட்டவன் எப்படிக் கொலையாளியாக இருப்பான் என்பன கதைக்கு வெளியிலிருந்து வருபவை. இப்போது பெரும்பாலும் பலிப்பது இரண்டாவது வகைதான். எங்கள் வட்டாரப் பேச்சில் பேசும் இளைஞன் ஒருவன் தலைகாட்டினால், காவல்துறை முதலில் அவனைத்தான் இழுத்துச் செல்லும் என்பதும், ஆகவே அவன் நிச்சயம் குற்றவாளி அல்ல என்பதும் ராயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வடசென்னைக்காரனைக் கடைசியில் விடுவித்துவிடுகிறார்களே என்று மகிழ்வதா, ஒவ்வொரு முறையும் அவனையே முதலில் கூண்டில் நிறுத்துகிறார்களே என்று வருந்துவதா!

பார்ப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உண்மையான தடயத்தைக் கடைசிப் பகுதி வரை மறைத்து வைத்து, அதுவரை பேச்சிலும் அடிபடாத இரட்டைச் சகோதரனையோ பழைய பகையையோ திடீரென்று கொண்டுவந்து நிறுத்தினால், நடிகரின் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை 1929-இல் வகுத்த ஆங்கிலேயப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ், குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டையர் வரக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் அந்த இரட்டையர் நம் தொடர்களை விட்டுப் போகவில்லை.

நம்மிடமும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. தொண்ணூறுகளில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்த மர்மதேசத்தின் ‘விடாது கருப்பு’, கொலை செய்வது காவல் தெய்வமா மனிதனா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரை வாதாடுவதற்கு வேண்டிய செய்திகளையும் கொடுத்தது. 2022 ஜூன் 17 அன்று எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியான ‘சுழல்’ தொடரில் அந்த இடைவெளி இல்லை. விடிய விடியப் பார்த்து முடித்தவர் மறுநாள் காலை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இருந்தாலும், கதை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னிக் கிடப்பதால், அங்காளம்மன் கோயில் ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அங்கே யோசிக்க இடமிருந்தது. வேடமிட்டு ஆடும் கூட்டத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். ஊகம் சரியாக வந்ததா தவறாகப் போனதா என்பது இரண்டாம் பட்சம். அது கதைக்குள்ளிருந்து வந்தது.

ஆகவே, மர்மத் தொடர்களை விமர்சிக்கும்போது, தடயங்கள் முன்கூட்டியே நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா, முடிவு தெரிந்த பின் முதல் பகுதியை மறுபடி பார்த்தால் அவை கண்ணில் படுகின்றனவா என்பதை மட்டும், எந்தப் பாத்திரத்தையும் சுட்டாமல், ஓரிரு வரியில் எழுதச் செய்ய வேண்டுகிறேன். இறுதிப் பகுதியில் யார் சிறப்பாக நடித்தார்கள் என்ற பாராட்டை ஒரு மாதம் கழித்து வெளியிட்டாலும் அந்த நடிகர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21