ஒன்பது அடிக் கணக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நானும் அப்பாவும் குடியிருக்கும் இந்த மோட்டார் ஹோமைப் பற்றி, அதாவது சக்கரத்தில் ஓடும் எங்கள் வீட்டைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "இருக்கிற வண்டி நல்லாத்தானே இருக்கு, அதைக் கொடுத்துட்டு எதுக்கு ஒரு குட்டி வண்டி?" என்று. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் "பார்க்கலாம்மா" என்று பேச்சை மாற்றினேன். இப்போது அவர் கீழே டயர்களுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் எட்டு டயர். எப்படியும் முக்கால் மணி நேரம் எனக்குக் கிடைக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் காசு இல்லாமல் இந்த முடிவுக்கு வரவில்லை. உடம்புக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. நீ மனசுக்குள் என்னென்ன கணக்குப் போட்டிருப்பாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நீ சொல்லும் குட்டி வண்டி 34 அடி. இப்போது இருப்பது 43. வித்தியாசம் ஒன்பதே அடி. அந்த ஒன்பது அடிக்காகத்தான் நானும் அப்பாவும் நாலு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் நடந்த ஒரு விஷயத்தை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அப்பாவுக்குத் தலை சுற்றியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் ஏதோ சிக்கல், பத்து நாளில் தானாகச் சரியாகிவிட்டது, அதெல்லாம் உனக்குத் தெரியும். சொல்லாத மிச்சம் இது. நாங்கள் வண்டியோடு தங்கியிருந்த முகாம் இடத்தைப் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஆள் வாசலில் வந்து காத்திருக்கிறார். அப்பாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். பிரேக்கில் காற்று ஏறும்வரை பஸர் கத்தியது, அப்புறம் நின்றது. பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழை உள்ளே அழுத்தினால் வண்டி நகரும். கை அந்தக் குமிழ்மேல் இருந்தது, அழுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, முடிகிற இடம் தெரியவில்லை.

கடைசியில் பக்கத்து வண்டிக்காரம்மா வந்து எடுத்துக் கொடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி, இரண்டே திருப்பில் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, காபியைக் குடித்து முடிக்கவில்லை என்று போய்விட்டார். எனக்கு அன்றைக்கு வந்தது நன்றியா கோபமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக அந்த வண்டியில் குடியிருக்கிறேன். எனக்கு அதை நகர்த்தத் தெரியாது.

அப்பாவிடம் இதைப் பேசினால் "நான்தான் நல்லா இருக்கேனே" என்பார். அவர் நன்றாக இருப்பதைப் பற்றி யார் பேசினார்கள்?

அதனால்தான் ஒரு 34 அடி வண்டியை எட்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். சாதாரண வாடகை வண்டி இல்லை, நம் வண்டியைப் போலவே பின்னால் டீசல் எஞ்சின், ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன், மர அலமாரி, கல் மேடை எல்லாம் உள்ளது. இந்த நீளத்தில் சொகுசாகச் செய்பவர்கள் குறைவு. நியூமார் கம்பெனியின் நியூ ஏர் மாதிரி ஒன்றிரண்டுதான். மற்றவர்களுக்கு உயர்ந்த ரகம் என்றாலே நாற்பது அடிக்கு மேல்தான். ஒன்பது அடி குறைந்தால் விலையும் அந்த அளவுக்குக் குறையும் என்று நினைத்துவிடாதே. எஞ்சின், கியர் பாக்ஸ், ஜெனரேட்டர், குளியலறை, அடுப்படி எல்லாம் அப்படியே இருக்கிறது. குறைந்தது வெறும் தரை, இரண்டு டயர், கொஞ்சம் அலமாரி.

எட்டு நாளில் ஐந்து நாள் நான் ஓட்டினேன். முதல் நாள் ஒரு காலி மைதானத்தில் அப்பா நாலு கூம்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நாம் உட்கார்ந்திருப்பது முன் சக்கரத்துக்கும் முன்னால். அதனால் முனை வந்ததும் காரைப் போல உடனே திருப்பக் கூடாது. மூக்கு நன்றாக உள்ளே போகட்டும், நமக்கே பயம் வரும், அப்போது திருப்ப வேண்டும். இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் வீசும். மூன்றாவது கூம்பை அந்த வால்தான் தட்டிவிட்டது. நாலாவது முறை தட்டவில்லை. மஞ்சள் குமிழை அன்றைக்கு இருபது தடவையாவது அழுத்தி இழுத்திருப்பேன்.

இனி உன் அப்பா கட்சியின் வாதங்கள். நியாயமாகவே சொல்கிறேன்.

நீளம் குறைந்தது வாலில் அல்ல, பெரும்பங்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில்தான். அதனால்தான் சட்டென்று திரும்புகிறது. அதனாலேயே காற்றுக்கு ஆடுகிறது. இரண்டாம் நாள் திறந்தவெளிச் சாலையில் பக்கக் காற்று. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் முதலில் வெளியே தள்ளி, அப்புறம் உள்ளே இழுத்தது. மூன்று மணி நேரத்தில் தோள்பட்டை கெஞ்சியது. மேடு பள்ளத்தில் மூக்கு குனிந்து எழுகிறது. நம் பெரிய வண்டி மூன்று அச்சில் கப்பல் போலப் போகும். அதில் நான் காய் நறுக்கியிருக்கிறேன், அதற்கு நீ திட்டியும் இருக்கிறாய். இதில் நறுக்க முடியாது. அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு கீழே படுத்து அளந்தார். அச்சுக்கு அச்சு உள்ள தூரத்தை மொத்த நீளத்தால் வகுத்தால் பாதிக்கும் மிகக் கொஞ்சம் கூட. 0.55-க்கு மேல் இருந்தால் நேராக நிற்கும், பாதியை ஒட்டி வந்தால் வால் நம்மை ஓட்டும் என்பது பழைய ஆட்களின் கணக்கு. அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது எடை. இது எனக்கே புதிது. வண்டி சின்னது என்றால் சுமை குறைவாகத்தானே ஏற்றுவோம், போதும் என்று நினைத்திருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எவ்வளவு ஏற்றலாம் என்று. மூன்றாவது அச்சு இல்லாததால் அந்த எண் நாம் பழகியதைவிட எவ்வளவோ குறைவு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. தொட்டியில் 350 லிட்டர் நிரப்பினால் ஐந்து பெரிய ஆட்களை ஏற்றிய மாதிரி. அப்புறம் அப்பாவின் கருவிப் பெட்டி. அதை அவர் எடை போட விடமாட்டேன் என்கிறார்.

எஞ்சினும் பார்த்து வாங்க வேண்டும். பெரிய வண்டிகளில் கம்மின்ஸ் 8.9 லிட்டர், 450 குதிரைத்திறன் போல வரும். சின்னதில் பல கம்பெனிகள் 6.7 லிட்டர், 360 அளவில் நிறுத்திவிடுகின்றன. வண்டி இலேசு என்பதால் சமவெளியில் தெரியாது. மலையேற்றத்தில், அதுவும் பின்னால் காரையும் இழுத்துக்கொண்டு போகும்போது தெரிகிறது. டீசல் மிச்சமாகும் என்பார்கள், ஏதோ கொஞ்சம். அதற்காக யாரும் வண்டி மாற்ற வேண்டாம்.

உள்ளே இருந்து பார்த்தால் எனக்குத்தான் நஷ்டம் அதிகம். இரண்டாவது கழிவறை போய்விட்டது. துணி துவைக்கவும் உலர்த்தவும் தனித்தனி மெஷின் இருந்தது. இதில் இரண்டும் ஒன்றே, ஒரு சின்ன மூட்டையைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நின்ற இடத்தில் சுவர்கள் வெளியே தள்ளியிருக்கும்போது எல்லாம் விசாலம்தான், யாரும் 34 அடி என்று சொல்ல மாட்டார்கள். வழியில் பத்து நிமிஷம் நிறுத்தும்போதுதான் தெரியும். ஸ்லைடுகள் என்கிற அந்தத் தள்ளு சுவர்கள் உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜ் கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. கையை விட்டுத் துழாவிப் பால் பாட்டிலை எடுத்தேன். கட்டிலுக்குப் போக வேண்டுமானால் சோபாமேல் ஏறித் தாண்ட வேண்டும். அப்பாவுக்கு அன்றைக்கு மாதிரி திடீரென்று தலை சுற்றினால் எங்கே படுக்க வைப்பேன்? வாங்குவதற்கு முன் எல்லா ஸ்லைடையும் மூடச் சொல்லிவிட்டு உள்ளே நடந்து பார்க்க வேண்டும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். விற்பவர்கள் எப்போதும் திறந்து வைத்துத்தான் காட்டுகிறார்கள்.

சின்ன வண்டி எங்கே வேண்டுமானாலும் நுழையும் என்று சொல்பவர்களை நம்பாதே. அகலம் அதே எட்டரை அடி, உயரம் அதே பன்னிரண்டரை பதின்மூன்று அடி. தாழ்வான பாலத்தைக் கண்டால் அதே வயிற்றுக் கலக்கம். கிளேசியர் தேசியப் பூங்காவில் மலைமேல் ஒரு அழகான சாலை இருக்கிறது, அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் அனுமதி இல்லை. 43 ஆனாலும் 34 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் வண்டியோடு தங்க 40 அடிதான் உச்சவரம்பு, 35-க்குள் இருந்தால் கிடைக்கும் இடங்கள் அதிகம். கலிஃபோர்னியாவில் 40-ஐத் தாண்டினால் எல்லாச் சாலையிலும் போக முடியாது, ஓட்டுநர் உரிமமும் வேறு எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சின்னக் கூடார வண்டிகளுக்கென்று மரங்களுக்கு நடுவில் வெட்டிய இடங்கள்தான் எல்லா ஊரிலும் அழகானவை. அங்கெல்லாம் நாம் இத்தனை வருஷமும் வாசலோடு திரும்பினோம். மரமே இல்லாத சிமெண்டுத் தளத்தில், நம்மைப் போலவே நீளமான வண்டிகளுக்கு நடுவில் நின்றோம். வாடகை வண்டியில் ஐந்தாம் நாள் ஒரு ஆற்றங்கரையில் இடம் கிடைத்தது. ரிவர்ஸில் நான்தான் விட்டேன். அப்பா பின்னால் நின்று கையைக் காட்டினார், அவர் கை காட்டுவது யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம். இரண்டு மரத்துக்கு நடுவில் பக்கத்துக்கு ஒரு முழம் இடம் விட்டு நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து கை கழுவினார்.

இப்போது நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். "நாங்க வந்தா எங்கே படுக்கிறது?" என்றாய். உண்மைதான், நீங்கள் நாலு பேரும் அதில் தங்க முடியாது. சோபாவை விரித்தால் பிள்ளைகள் இரண்டு பேர் படுக்கலாம், நீயும் மாப்பிள்ளையும் வெளியே அறை எடுக்க வேண்டும். எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் கோபித்துக்கொள்ளாதே, டைரியைப் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் நீங்கள் எங்களோடு தங்கியது பதினொரு இரவு. அந்தப் பதினொரு இரவுக்காக ஒன்பது அடியை மற்ற எல்லா நாளும் மலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா இப்போது ஒரு சமாதானத் திட்டம் கொண்டுவந்திருக்கிறார். 37 அடி. இரண்டு அச்சுதான், ஆனால் அச்சுக்கு அச்சு தூரம் அதிகம், அதனால் காற்றுக்கு அவ்வளவு ஆடாது, பெரிய எஞ்சினும் கிடைக்கிறது என்கிறார். 40-க்குக் கீழே என்பதால் என் உரிமத்தில் பிரச்சினை இல்லை. எனக்கும் அதில் முழு வெறுப்பு இல்லை. ஆற்றங்கரை இடங்களில் பாதி போய்விடும், ஃபிரிட்ஜ் கதவு முழுசாகத் திறக்கும் என்று நினைக்கிறேன். வருகிற சனிக்கிழமை ஒன்றைப் பார்க்கப் போகிறோம். அவர் டேப் எடுத்து வைத்துவிட்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: அங்கிருந்து முதலில் வெளியே ஓட்டிப் பார்ப்பது நான். எனக்குச் சரிவரவில்லை என்றால் 34-தான், தோள்பட்டை வலித்தாலும் பரவாயில்லை.

அதற்குள் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அப்பாவிடம் பேசும்போது "ஏன் சின்ன வண்டி" என்று கேட்காதே. அந்தத் தலைசுற்றல் பற்றியும் வாயைத் திறக்காதே. 0.55 கணக்கு என்றால் என்ன என்று கேள், ஒரு மணி நேரம் சந்தோஷமாகப் பேசுவார்.

இன்னொன்று. வண்டியின் அடியில் சாமான் அறையில் உன் கல்லூரிப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. "அப்புறம் வந்து எடுத்துக்கறேன்" என்று நீ வைத்துவிட்டுப் போனவை. நேற்று எடை போட்டுப் பார்த்தேன், 41 கிலோ. புது வண்டியில் எது வந்தாலும் அதற்கு இடம் கிடையாது. உன் விலாசத்துக்கு அனுப்பவா, இல்லை திறந்து பார்த்து நானே பிரிக்கவா? சனிக்கிழமைக்குள் சொல். எட்டாவது டயர் முடிந்துவிட்டது போலிருக்கிறது, படியில் சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
அம்மா