வயலின் இல்லாத மேடையில் உருகிய வயலின்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நவம்பர் 22, புனித செசிலியா விழாவன்று எங்கள் கான்சர்ட் பேண்டு வாசித்த புதிய இசைத்தொகுப்புக்குச் சென்ற இதழில் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. இரண்டாம் பகுதியில் வயலின்கள் உருகினவாம், உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். கான்சர்ட் பேண்டு என்பது ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்த குழு, அதில் வயலின் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தந்தி வாத்தியம் என்று பார்த்தால் ஓரமாக ஒரு டபுள் பாஸ் நிற்கும், அதுவும் சில சமயம்தான். அவர் கேட்டது கிளாரினெட் என்ற ஊதுகுழல்களை. அந்த வரிசையில் மூன்றாம் கிளாரினெட் வாசித்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு ரசித்திருப்பார் போல.

சரி, காது ஏமாந்துவிட்டது என்று விட்டிருப்பேன். ஆனால் அதே பத்தியில், பித்தளை வாத்தியங்கள் அந்த மென்மையை அமுக்கிவிட்டன, பேண்டென்றாலே கட்டுப்பாடு இருக்காது என்று ஒரு குட்டு. செசிலியாவின் கதையே அதுதானே ஐயா! கல்யாண விருந்தில் வாத்தியங்கள் முழங்க, அவர் தன் மனதுக்குள் இறைவனைப் பாடிக்கொண்டிருந்தார் என்பார்கள். இசைக்கலைஞர்களுக்குப் பாதுகாவலியானதற்குச் சொல்லப்படும் காரணமும் அதுவே. எங்கள் தொகுப்பில் ட்ரம்பெட், டிராம்போன் என்ற பித்தளை வாத்தியங்கள்தான் அந்தக் கல்யாண ஆரவாரம். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி அந்தப் பெண்ணின் மனம். அது அமுங்கத்தான் வேண்டும், அறுந்துபோகக் கூடாது. ஒத்திகைக்கு வந்த இசையமைப்பாளர் எங்களை வாட்டி எடுத்தது இந்த ஓரிடத்துக்காகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கிவிடாதபடி ஆளுக்கொரு இடம் குறித்துக் கொடுத்தார். நிகழ்ச்சிக் குறிப்பில் இந்தக் கதை அச்சாகியிருந்தது. அதை விசிறியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

கோபம் இந்த ஒரு கட்டுரை மேல் மட்டுமில்லை. பேண்டென்றால் ஊர்வலம், மார்ச். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வசதியில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு. உங்கள் இசைப் பக்கத்தில் வருஷக்கணக்காக இதே பாட்டுத்தான். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-லேயே மிலிட்டரி பேண்டுக்கென்று ஈ ஃபிளாட் சூட் என்ற இசைத்தொகுப்பை எழுதினார். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டமித் 1951-ல் அமெரிக்க ராணுவ பேண்டுக்காக ஒரு சிம்பொனியே எழுதினார். இதையெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

எங்கள் தொகுப்பும் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து வெட்டி எடுத்ததில்லை. சில பேண்டுகள் சேர்ந்து பணம் போட்டு, கேட்டு எழுதி வாங்கியது. எல்லா பேண்டிலும் ஓபோ என்ற ஊதுகுழல் இருக்காது என்பதால், ஓபோ தனியாக வரும் இடங்களைக் கிளாரினெட் தாளிலும் சின்ன எழுத்தில் போட்டுத் தந்திருக்கிறார் இசையமைப்பாளர். வாசிப்பவர்களைத் தெரிந்துகொண்டு எழுதுவது என்றால் அதுதான். பணம் போட்ட பேண்டுகளில் ஒன்றின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. அரங்கின் நாற்காலிகள் பற்றி மட்டும் நாலு வரி! முன்பு இதே குறையை எழுதினேன். ‘இடம் கருதி’ சுருக்கினீர்கள். வணக்கமும் நன்றியும் மிஞ்சின.

அப்புறம், நீங்கள் போட்ட புகைப்படத்தில் முன்வரிசையில் இருக்கும் பெண் கையில் வைத்திருப்பது டியூபா இல்லை, அதைவிடச் சிறிய யூஃபோனியம். அவர் வீட்டில் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களாம். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் வாசகர்