‘முடிவுகள் இல்லை’ என்றால் என்ன அர்த்தம்?

மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு கணினி முழுக்கத் தமிழில் ஓடுகிறது. நீங்கள் காசு வாங்காமல் செய்த வேலை என்பதால் குறை சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் தேடல் விஷயத்தில் தினமும் ஒரு பஞ்சாயத்து.

போன வாரம் மகளிர் குழு அக்கா ஒருவர் உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினார். திரையில் ‘முடிவுகள் இல்லை’. “இன்னும் முடியலையாம் தம்பி, இருக்கேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? முடிவு என்றால் நமக்குக் கடைசி, இல்லையென்றால் தீர்மானம். தேர்வு முடிவு, தேர்தல் முடிவு எல்லாம் பழகிவிட்டன. தேடலுக்கு அது ஒட்டவில்லை. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் போதுமே.

அடுத்து, ‘கண்டுபிடி’. இணையத்தில் துழாவ ‘தேடு’, திறந்திருக்கும் பக்கத்துக்குள் பார்க்க ‘கண்டுபிடி’. ஆங்கிலத்தில் இரண்டு சொல் என்பதால் இங்கேயும் இரண்டு. செய்கிற வேலை ஒன்றுதான், இடம்தான் வேறு. ‘இந்தப் பக்கத்தில் தேடு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

பட்டியலில் வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் ‘வடிகட்டு’ நல்ல சொல், டீக்கடை வாசம் வீசுகிறது. ஆனால் டீத்தூள் குப்பைக்குப் போகும். பட்டியலின் மற்ற வரிகளோ மறைந்து மட்டும் நிற்கும். ‘மற்ற வரிகள் மறைக்கப்பட்டுள்ளன’ என்று ஓரத்தில் ஒரு வரி காட்டுங்கள். இல்லாவிட்டால் “எல்லாம் அழிஞ்சுபோச்சு” என்று கூப்பாடு.

என் பெரிய மனத்தாங்கல், தேடும்போது டிக் போடச் சொல்லும் ‘முழுச்சொல் மட்டும்’. அந்த டிக்கை எடுத்துவிட்டால் ‘வண்ணாரப்பேட்டை’ என்று தேடி ‘வண்ணாரப்பேட்டையில்’ இருக்கும் வரியைப் பிடித்துவிடலாம். ‘ராயபுரம்’ அப்படி இல்லை. மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிடுவதால், டிக் இல்லாவிட்டாலும் ‘ராயபுரத்தில்’ சிக்காது. ‘ராயபுர’ என்று நிறுத்தித் தேட வேண்டும். தொழில் தெரிந்த எனக்கே இது பிடிபட நாளானது. தேடல் பெட்டிக்குள் மங்கலாக ‘பாதிச் சொல் போதும்’ என்று போட்டால் என்ன?

பெரிய எழுத்து (A), சிறிய எழுத்து (a) என்ற தேர்வுக்கு முன்னால் ‘ஆங்கில’ என்று சேர்த்துவிடுங்கள். தமிழில் அந்தப் பேதமே இல்லையே.

அடுத்த சொற்பட்டியலை முடிவு செய்யும் முன் (இங்கே ‘முடிவு’ சரி!) ஒரு நாள் கடைக்கு வாருங்கள். மாலை 7 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. கணினியில் அக்காவை உட்காரவைத்து, நாம் வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பார்ப்போம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்