பேஸ் வரிசையிலிருந்து ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
ஞாயிறு ராத்திரி.

அன்புள்ள செல்வா,

ஏழு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் 'ஹலோ' சொன்ன மாத்திரத்தில் என் குரலை வைத்தே விஷயத்தைப் பிடித்துவிடுவாய். தாளில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மூட்டுவலி, அவளுக்குச் சர்க்கரை, இரண்டும் ஒரு கட்டுக்குள் இருக்கின்றன. நம் பாட்டுக் கோஷ்டியின் நாலாவது ஆள் சின்னவன் போன வாரம் வந்திருந்தான். இன்னும் அதே சட்டை.

விஷயத்துக்கு வருகிறேன். நேராக அல்ல, சுற்றி வளைத்துத்தான். பயந்துகொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

போன மாசம் தாசன் வீட்டு மதினி கூப்பிட்டனுப்பினாள். பரணைக் காலி பண்ணுகிறார்களாம். சிலோன் தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டி கீழே இறங்கியிருந்தது. "நீங்கள்லாம் இதுக்குத்தான அடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க, எடுத்துட்டுப் போங்க" என்றாள். பதினோரு தட்டு. அதில் ஒன்று நம் குண்டன் மேலே உட்கார்ந்த தட்டு. விரிசல் அப்படியே இருக்கிறது. மில்ஸ் பிரதர்ஸ், அந்த நாலு அண்ணன் தம்பிகள் பாடின தட்டு மட்டும் ஒரு பழைய தலையணை உறைக்குள் பத்திரமாக இருந்தது. பிரன்ஸ்விக் கம்பெனி லேபிள். அதில் அந்த வரியும் அழியாமல் இருக்கிறது: ஒரு கிட்டாரைத் தவிர வேறு வாத்தியமோ இயந்திரமோ இந்தப் பதிவில் கிடையாது.

அந்த வரியை நம்பாமல் நாலு புரோட்டா பந்தயம் கட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? "ட்ரம்பெட் இல்லாம ட்ரம்பெட் சத்தம் எப்படிலே வரும், வெள்ளைக்காரன் ஏமாத்து வேலை" என்றாய். அவர்கள் வெள்ளைக்காரர்களே இல்லை, அமெரிக்கக் கறுப்பர்கள் என்று தாத்தா சொன்னதற்கு அதையும் நம்பமாட்டேன் என்றாய். பந்தயத்தில் தோற்றும் புரோட்டா வரவில்லை. இத்தனை வருஷ வட்டியைச் சேர்த்தால் நீ கடையையே என் பேருக்கு எழுதி வைக்க வேண்டும்.

தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டி ஏது? பேரன் தன் போனில் தேடி எடுத்துக் கொடுத்தான். 1931-லிருந்து 1968 வரை வரிசையாக. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் காதில் மாட்டிக்கொள்வேன். கீழேயிருந்து இவள், "தனியாச் சிரிக்கீங்களா அழறீங்களா, எதாவது ஒண்ணு பண்ணுங்க" என்பாள்.

கதை உனக்குத் தெரியும். ஆனால் பாதியைத் தப்பாகவே சொல்லுவாய் என்பதால் நான் சொல்கிறேன், கேள். ஓஹையோவில் பிக்வா என்று ஒரு சின்ன ஊர். அப்பா ஜான் மில்ஸ் சலூன் வைத்திருந்தவர். முடிவெட்டுகிறவர் மட்டுமில்லை, அவரே நாலு பேர் கோஷ்டி ஒன்றில் பாடினவர். பிள்ளைகள் நாலு பேர்: ஜான், ஹெர்பர்ட், ஹாரி, டொனால்ட். பெரியவனுக்கும் கடைசிக்கும் ஐந்து வயசுதான் வித்தியாசம். ஊர்க் கொட்டகையில் ஒரு போட்டி. மேடைக்குப் போனபிறகுதான் கஸூவைக் காணோம் என்று தெரிகிறது (சீப்பில் தாள் வைத்து நாம் ஊதுவோமே, அந்த மாதிரிச் சத்தம் வருகிற சாமான்). ஒருத்தன் இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து ட்ரம்பெட் மாதிரி ஊத, கொட்டகை ஆடிப்போனது. அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை இதுதான். தொலைந்தது டிக்கெட் என்று நீ எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது உன் சொந்தச் சரக்கு.

அப்புறம் ஆளுக்கொரு வாத்தியம். ஹாரியும் ஹெர்பர்ட்டும் ட்ரம்பெட், டொனால்ட் ட்ரோம்போன், பெரியவன் ஜான் ட்யூபா. எல்லாம் வாயால். உண்மையான வாத்தியம் ஜான் கையில் இருந்த கிட்டார் ஒன்றுதான். சின்சினாட்டி ரேடியோ, அங்கேயிருந்து நியூயார்க்கில் சிபிஎஸ் ரேடியோ. 1931-ல் வந்த 'டைகர் ரேக்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1934-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவுக்கு முன்னால் பாடினார்கள்.

நம் பழைய சண்டைக்கு வருகிறேன். வாயால் வாத்தியம் வாசித்ததுதான் மில்ஸ் பிரதர்ஸ், டெக்கா கம்பெனிக்குப் போனபிறகு சர்க்கரைப் பாகாகிவிட்டார்கள் என்பது உன் கட்சி. தாசன் அதற்கு நேரெதிர். நான் டீக்கு யார் காசு கொடுத்தார்களோ அவர்கள் பக்கம். இப்போது என் காசிலேயே டீ குடிப்பதால் சொல்கிறேன்: தாசன் சொன்னதுதான் சரி. ட்ரம்பெட் மாதிரி ஊதுவது வித்தை. இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பது அந்த நாலு குரலும் உட்காருகிற விதம்தான். நம் கோவில் பாமாலைப் பாட்டுகளில் பேஸ் என்கிற அடிக்குரல் தரையிலும் சொப்ரானோ என்கிற உச்சக்குரல் கூரையிலும் நிற்கும். இவர்கள் அப்படி இல்லை. டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி, ஒரு ஸ்தாயிக்குள்ளேயே நாலும் இடித்துக்கொண்டு இருக்கும். ஒருத்தன் அரைச் சுரம் நகர்ந்தால் மற்ற மூன்று பேருக்கும் தெரியும். அதையும் கத்தாமல், மைக்குக்குப் பக்கத்தில் நின்று, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் பேசுகிற மாதிரிப் பாடுவார்கள். நம் கொயர் மாஸ்டர் இருந்திருந்தால் 'வாயைத் திறந்து பாடுலே' என்று ஸ்கேலால் அடித்திருப்பார்.

'பேப்பர் டால்' எடுத்துக்கொள். 1915-லேயே எழுதின பாட்டு. இவர்கள் பதிவு செய்தது 1942-ல், தட்டின் பின்பக்கத்துக்கு. மறு வருஷம் முன்பக்கத்தை விட்டுவிட்டு ஜனங்கள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வாரம் முதலிடம், அறுபது லட்சம் தட்டு என்கிறார்கள். எழுதின ஜானி பிளாக் அதற்குள் செத்துப்போயிருந்தார். டொனால்ட் தனியாக, அழுகிறவன் மாதிரி மெதுவாகத் தொடங்குவான். ஒரு சுற்று முடிந்ததும் பாட்டு திடீரென்று நடையை மாற்றும், நாலு பேரும் சேர்ந்து துள்ளுவார்கள். துக்க வீட்டிலிருந்து நேரே கல்யாண வீட்டுக்கு! அந்த இடம் வந்தால் தாசன் தொடையில் தட்டுவான். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

அந்த வருஷம் இன்னொரு கூத்து. 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் ஸ்டிரைக். யாரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக்கூடாது. பாடகர்கள் சங்கத்தில் இல்லை. கம்பெனிகள் வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்களைத் தேடி ஓடின. இதைப் படித்தபோது நம் கோவில் கதை ஞாபகம் வந்து எரிச்சல்தான் வந்தது. இங்கே இப்போது எல்லாம் கீபோர்டு. அந்தப் பையன் ஒரு பட்டனை அமுக்குகிறான், 'ஆ...' என்று நாற்பது பேர் பாடுகிற சத்தம் வருகிறது. பட்டனுக்குப் பேரே கொயர்! அவர்கள் வாயை வாத்தியமாக்கினார்கள், இவன் வாத்தியத்தை வாயாக்குகிறான். கொயரில் மிச்சம் இருக்கிற ஒன்பது பேரும் அந்தப் பட்டனுக்குப் பின்பாட்டு.

இனி ஒத்திப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன்.

பெரியவன் ஜான் இங்கிலாந்துப் பயணத்தில் உடம்புக்கு விழுந்தான். நிமோனியா. 1936 ஜனவரியில் போய்விட்டான். இருபத்தைந்து வயசு. பேஸும் அவன், கிட்டாரும் அவன். தம்பிகள் மூன்று பேரும் இத்தோடு போதும் என்றுதான் இருந்தார்கள். ஜான் இருந்தால் நிறுத்தச் சொல்லமாட்டான் என்று அம்மா சொன்னதாகக் கதை. அந்த இடத்தில் வந்து நின்றது யார் தெரியுமா? அப்பா. ஐம்பது தாண்டின மனுஷன், மகன் பாடின பேஸைப் பாட மகன் நின்ற இடத்தில் நின்றார். கிட்டாருக்கு வேறு ஆள் பிடித்தார்கள். ஒருத்தன் போன இடத்துக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இது நமக்குப் புதுச் செய்தி இல்லைதான். தாத்தா சொல்லியிருக்கிறார், நாமும் 'அப்படியா' என்று கேட்டுவிட்டு டைகர் ரேக் போடச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை அந்த ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடிக் கேட்டேன். எந்தப் பாட்டு வரை மகன், எதிலிருந்து அப்பா? அப்பாவின் குரல் கொஞ்சம் கனம், கொஞ்சம் பழசு. ஆனால் ஓரிடத்திலும் முன்னால் வரவில்லை. மகன் 'டும்' என்று உதட்டை மூடின இடத்திலேயே அவரும் மூடுகிறார். கீழே யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். 1950-களின் பிற்பாதி வரை, இருபது வருஷம், அப்படி நின்றார். 'பேப்பர் டால்' பேஸ் அவர்தான்டே. 'குளோ வர்ம்' 1952-ல் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு எழுபது வயசு.

கேட்டுக்கொண்டே இருக்கும்போது தாசன் கேரல் ரவுண்ட்ஸில் வேன் படியில் நின்று, மப்ளரைக் கழற்றிவிட்டு, கையைக் குவித்து 'ப்வா ப்வா' என்று ஊதினது வந்துவிட்டது. அவன் பேஸ் மட்டுமா? சுருதி கொடுப்பவன், சோல்ஃபா (ட-ரி-மி சுரக்குறிப்பு) எழுதுபவன், வேனுக்கு டீசல் போடுபவன், பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவருபவன். அவன் போனபிறகு போன டிசம்பரில் காப்பியே இல்லாமல்தான் சுற்றினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வரும்போது "இனி நாலு கிடையாதுலே" என்றாய். நானும் தலையாட்டினேன். செல்வா, நாலு வாரத்துக்கு முன்னால் நான் பேஸ் வரிசையில் போய் நின்றேன். அவன் நாற்காலிதான். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். டெனருக்கு, அந்த மேல் ஆண்குரலுக்கு, இப்போது குரல் ஏறவும் இல்லை, உனக்கும் தெரியும். பேஸின் அடிச்சுரமான கீழ் ஸோ எனக்கு வரவே வராது. அந்த இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன், நல்ல குரல், அவனுக்குக் கீழ் ஸோ தண்ணீர் பட்ட பாடு. தாசன் கைப்பட எழுதின சோல்ஃபா நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். கோபப்படு. ஆனால் படித்து முடித்துவிட்டுப் படு.

உன் பக்கத்துக்கும் ஒரு நியாயம் அந்தக் கதையிலேயே இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அப்பா ஓய்ந்தபிறகு அந்த மூன்று பேரும் நாலாவது ஆளைச் சேர்க்கவே இல்லை. மூன்று பேராகவே பாடினார்கள். 1968-ல் நாம் சிலோன் ரேடியோவில் கேட்ட 'கேப் டிரைவர்' அந்த மூன்று பேர்தான். ஹாரி 1982-ல் போனான், ஹெர்பர்ட் 1989-ல். மிஞ்சின டொனால்ட் தன் மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடினார். அந்தப் பையன் பேரும் ஜான்.

ஆக, மூன்று என்றாலும் சரி, நாலு என்றாலும் சரி, நீ வந்து சொல். நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரம். பிராக்டிஸ் சனிக்கிழமை ஆறரைக்கு. சின்னவன் வருகிறேன் என்றிருக்கிறான், அவன் பேச்சை நம்பாதே. கீபோர்டு பையனிடம் அன்றைக்கு மட்டும் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இருக்கிற பழைய கேரல் நோட்டையும் கொண்டுவா. பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஆல்டோ பார்ட் அதில்தான் இருக்கிறது.

சுக்குக் காப்பி நான் போட்டுக்கொண்டு வருகிறேன். மதினியிடம் பக்குவம் கேட்டுவிட்டேன். புரோட்டா உன் செலவு.

அன்புடன்,
ஜெபா