புதுக் கைலி சாயம் விடுகிறதே என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கல்லா மேல் விரித்தார். பையனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. காலரிலிருந்து பாக்கெட் வரை ரோஸ் திட்டு. எங்களிடம் வாங்கிய மெரூன் கட்டம் போட்ட கைலியோடு ஒரே பக்கெட்டில் ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது. "நல்ல கடைன்னு நம்பித்தானே வாங்கினேன்" என்றார். சட்டைக்குப் பணம் கொடுத்துவிட்டோம். சொல்லாமல் விற்றது எங்கள் தப்பு. அதனால்தான் இந்த மடல்.

அடர்த்தியான நிறங்களில், நூல் குடித்தது போக மிச்சச் சாயம் மேலாகவே நிற்கும். மெரூன், கருநீலம், கறுப்பு என்றால் இன்னும் அதிகம். முதல் சில சலவைகளில் அது இறங்கிவிடும்.

சாயமும் சலவையும் நம் பேட்டைக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கோராத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. வடக்கே திருவொற்றியூர் பக்கம் போனால் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை இங்கே கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டை நம் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம், யாருடைய காலடி என்று நானும் யோசித்ததுண்டு.

இந்தக் கட்டம் போட்ட துணிக்கு வெளிநாட்டில் பெயரே 'மெட்ராஸ்'தான். 1958 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன சரக்கை, பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று சொல்லாமலே தைத்து விற்றுவிட்டார்களாம். துவைத்ததும் சாயம் ஓடி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? 'கட்டாயம் சாயம் விடும்' என்று அதையே விளம்பரமாக்கி, சலவைக்குச் சலவை நிறம் மாறும் துணி என்று விற்றுத் தீர்த்தார்கள். அந்தச் சாமர்த்தியம் எங்களுக்கு வராது. அந்த அம்மாவிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று தடவை கைலியை ஊறவைக்காமல், தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சலவைச் சோடா வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். கல்லுப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். கொஞ்சம் மட்டுப்படலாம், அவ்வளவுதான். நான்காவது சலவையிலும் தண்ணீர் சிவந்தால் அது மட்டமான சாயம். மூட்டியிருந்தாலும் சரி, பில் தொலைந்திருந்தாலும் சரி, கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இனிமேல் கைலி மூட்டக் கொடுக்கும்போதே, எங்கள் தையல்காரர் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டுவார். எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். தேய்க்க மறந்தால் கேட்டு வாங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் கைலிக் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை